‘பார்க்கலாம்’ என்று பதில் வரும்

மெத்தை விற்கிறவருக்கு நேரம் ஏராளம். இன்று ஒரு மெத்தை வாங்கியவர் அடுத்த மெத்தைக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் கடைப்பக்கம் தலைகாட்டுவார். நடுவில் வந்தால் சண்டை போடத்தான் வருவார். ஆகவே நம் மெத்தைக்கடைக்காரர் ஈ ஓட்டுகிற நேரத்தில் கம்ப்யூட்டரில் சின்னச் சின்னக் கருவிகள் செய்யப் பழகிக்கொண்டார். அப்படிச் செய்ததில் உருப்படியாக வந்த ஒன்றுக்குக் ‘குதிரை’ என்று பெயர் வைத்தார்.

குதிரைக்கு ஒரே வேலைதான். இணையத்தில் ஊர் உலகமெல்லாம் சதுரங்கம் ஆடுகிற தளம் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் ஆடுகிற யாருடைய பெயரையாவது, ஒரு மாதத்தையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். அந்த மாதம் அவர் ஆடிய ஆட்டங்கள் அத்தனையையும், எந்தக் காயை எங்கே வைத்தார், வைப்பதற்கு எவ்வளவு நேரம் முழித்தார் என்பது வரை, கண் இமைப்பதற்குள் கொண்டுவந்து கொட்டும். ஆடாத மாதத்தைக் கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். இதை அவர் செய்தது மனைவிக்காக.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. குத்துவது தெரியாமல் குத்துவார். பலகையிலும் அப்படியே. அதனால் நகரச் சதுரங்க வட்டாரத்தில் அவருக்கு ‘ஊசி’ என்று பெயர். வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

நகரச் சதுரங்கச் சங்கம் அதே தளத்தில் ஒரு போட்டி நடத்தியது. அதில் ஊசி, சங்கத்தின் செயலாளரை எதிர்த்து ஆடினார். செயலாளர் தொழிலால் ஆடிட்டர். பத்தொன்பதாவது நகர்த்தலில் ஆடிட்டரின் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டியது. ஆட்டம் முடிந்த சூட்டோடு ஆடிட்டர் புகார் எழுதினார். ‘என்னை இவ்வளவு சீக்கிரம் தோற்கடிப்பது மனிதர்களால் ஆகக்கூடிய காரியம் அல்ல. ஆகவே என்னைத் தோற்கடித்தது கம்ப்யூட்டர். ஆகவே அந்த அம்மாள் ஏமாற்றுக்காரி.’

அன்றைக்கே ஊசியின் பெயர் போட்டியாளர் பட்டியலிலிருந்து இறங்கியது. மாதக் கடைசிச் சனிக்கிழமை விசாரணை. அதற்குள் யோக்கியதையை நிரூபிக்காவிட்டால் பெயரை ஒரேயடியாக அடித்துவிடுவார்கள்.

ஊசிக்குக் காலில் சக்கரம் முளைத்தது அன்றிலிருந்துதான். சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து சமையலறை. உட்கார்ந்தால் நகம் கடிப்பார். எழுந்தால் அலமாரியைக் கலைத்து மறுபடி அடுக்குவார். பரிசோதனைக் கூடத்தில் ஒருவருக்கு இரண்டு தடவை குத்த வேண்டியதாகிவிட்டது. இருபது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

“கூட வேலை பாக்கறவ கேக்கறா, ‘என்னக்கா, கம்ப்யூட்டர் வெச்சு ஆடினியாமே’ன்னு. சிரிச்சுக்கிட்டே கேக்கறா. அவ பிளட் குரூப்பையே மாத்தி எழுதிடலாமான்னு வந்துச்சு.”

“எழுதிடாத. நிரூபிச்சுடலாம்.”

“எப்படிங்க நிரூபிக்கிறது? ஜெயிச்ச ஆட்டத்தக் காட்டினா அதுவும் கம்ப்யூட்டர்ம்பான்.” நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். “தோத்த ஆட்டத்தக் காட்டினா?”

“என்னது?”

“நாலு வருஷமா நான் எவ்வளவு கேவலமா தோத்திருக்கேன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. அதை மொத்தமா எடுத்துக் காட்டுவோம். கம்ப்யூட்டர் வெச்சிருக்கறவ இப்படியா ராணியைத் தூக்கிக் குடுப்பா?”

மெத்தைக்காரருக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. குதிரையைத் தட்டி எழுப்பினால் ஒரே நிமிஷத்து வேலை. ஆனால் சங்கத்தின் விதிப்புத்தகம் என்று ஒன்று இருந்தது. ‘தரச்சான்று பெற்ற கையேட்டுடன் கூடிய கருவியால் எடுக்கப்பட்ட தகவல் மட்டுமே சாட்சியாக ஏற்கப்படும்.’ கையேட்டுக்குத் தரச்சான்று கொடுக்கிற இடம் ஒன்றே ஒன்று. ஆவண மேன்மை வாரியம்.

குதிரைக்குக் கையேடு இல்லாமல் இல்லை. ஒன்பது வரி. பெயரைத் தட்டவும், மாதத்தைத் தட்டவும், ஆட்டங்கள் வரும், ஆட்டம் எதுவும் இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று வரும் என்கிற அளவில் அவரே எழுதியது. அதை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு, மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கடையைப் பாதி சாத்திவிட்டுக் கிளம்பினார்.

வாரியத்தின் வாசலிலேயே ஒரு சின்னக் கூட்டம். கண்ணாடிக் கதவில் ‘தள்ளவும்’ என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது. எல்லோரும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கதவு அசைகிற வழியாக இல்லை. உள்ளேயிருந்து ஒரு காவலாளி வந்து கதவைத் தன் பக்கத்திலிருந்து தள்ள, அது வெளிப்பக்கம் திறந்து மூன்று பேர் மூக்கில் இடித்தது. ‘தள்ளவும்’ என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: ‘இழுப்பது தொடர்பான திருத்தம் பரிசீலனையில் உள்ளது.’

முதலில் தெளிவுப் பிரிவு. அங்கே ஒரு மெலிந்த அதிகாரி தாளை வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும் அவர் முகம் வெளிறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“என்னங்க இது? புரியுதே!”

“சந்தோஷம் சார்.”

“என்ன சந்தோஷம்? ஒரே தடவை படிச்சேன், புரிஞ்சு போச்சு. எனக்கு இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி நடந்ததே இல்ல. படிச்ச உடனே புரிஞ்சா, புரியுதா இல்லையான்னு பாக்க ஒரு பிரிவு எதுக்கு? நாலு மேசை எதுக்கு? இந்த மின்விசிறி எதுக்கு?”

மெத்தைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றவில்லை.

“தெளிவுக்கு அஞ்சுக்கு ஒண்ணு போடறேன்” என்றார் அதிகாரி.

“புரியுதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?”

“நான் சொன்னேன். கையேடு சொல்லிச்சா? ‘இந்தக் கையேடு தெளிவானது’ன்னு இதுல எங்கயாவது ஒரு வரி இருக்கா?”

“அதான் தெளிவா இருக்கே சார்.”

“இருக்கறது வேற, சொல்றது வேற. நாங்க மதிப்பிடறது சொல்றதைத்தான்.”

மெத்தைக்காரருக்குக் கால் தானாக ஆடத் தொடங்கியது. மனைவியிடமிருந்து தொற்றிக்கொண்ட ஆட்டம். பேசிக் கொண்டிருப்பதைவிடக் காட்டிவிடலாம் என்று பையிலிருந்து போனை எடுத்தார். “சார், கருவியை ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா…”

அதிகாரி பாம்பைக் கண்டவர்போல நாற்காலியோடு பின்னால் போனார். ஒரு கோப்பை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். “உள்ள வைங்க! முதல்ல உள்ள வைங்க! கருவியைப் பாத்துட்டா கையேட்டை எப்படி நடுநிலையா மதிப்பிடறது? போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான் திடீர்னு காட்டிட்டார். அது வேற நல்லா வேலை செஞ்சு தொலைச்சுது. எங்க ஆள் அந்த அதிர்ச்சியில கையேடு நல்லா இருக்குன்னு எழுதிட்டார். இன்னும் விடுப்புலதான் இருக்கார்.”

போன் உள்ளே போன பிறகுதான் கோப்பு இறங்கியது.

“இன்னொண்ணு. ‘பெயரைத் தட்டவும்’னு எழுதியிருக்கீங்க. எங்க தட்டறது? கதவுல தட்டுவாங்க, முதுகுல தட்டுவாங்க, சிலர் மேசையில தட்டுவாங்க. பாவம், கிராக்கி மேசையத் தட்டிக்கிட்டே உக்காந்திருந்தா?”

மெத்தைக்காரர் அங்கேயே மண்டியிட்டு நாற்காலியை மேசையாக்கி இரண்டு வரி சேர்த்தார். ‘இந்தக் கையேடு தெளிவானது. தட்டுதல் என்பது மேசையைத் தட்டுதல் அன்று.’ தெளிவு, ஐந்துக்கு ஐந்தாக உயர்ந்தது. “பாத்தீங்களா, இப்பதான் லேசா குழப்பமா இருக்கு” என்று அதிகாரி நிம்மதியாக முத்திரை குத்தினார்.

அடுத்தது முழுமைப் பிரிவு. அங்கே ஒரு அம்மாள் ஆரஞ்சு நிறக் கம்பளி நூலில் ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். பின்னலின் ஒரு முனை மடியில் இருந்தது. மறுமுனை மேசையைச் சுற்றிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போயிருந்தது.

“கருவி என்ன செய்யும்னு எழுதியிருக்கீங்க, சரி. என்ன செய்யாதுன்னு எங்க?”

“அதை எதுக்கு மேடம் எழுதணும்?”

அம்மாள் பின்னல் ஊசிகளைக் கீழே வைத்தார். “நீங்க என்ன தொழில் பண்றீங்க?”

“மெத்தைக்கடை.”

“மெத்தையைக் குடையாப் பிடிக்க முடியாதுன்னு கடையில எழுதி ஒட்டியிருக்கீங்களா?”

“இல்லைங்க.”

“எத்தனை பேர் நனைஞ்சிருப்பாங்க!” என்றார் அந்த அம்மாள், உண்மையான வேதனையோடு. “செய்யாதவை பட்டியல் இல்லாத கையேட்டை நான் தொடக்கூட மாட்டேன். ஒரு பொருள் என்னன்னு தெரியணும்னா அது என்னவெல்லாம் இல்லைன்னு தெரிஞ்சாகணும். ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க.”

அன்று சாயங்காலம் வீட்டில் ஊசி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டு நடந்தார். ஆமாம், பலகையைக் கையில் ஏந்தியபடி நடந்துகொண்டேதான் நறுக்கினார். கணவர் எழுதினார்.

“துணி துவைக்காது. எழுதுங்க. பல் விளக்கி விடாது. வாடகை கட்டாது. கேஸ் சிலிண்டர் வந்தா கையெழுத்துப் போட்டு வாங்கி வெக்காது.”

“மெதுவா சொல்லு.”

“பக்கத்து வீட்டுல என்ன சத்தம்னு எட்டிப் பாத்துச் சொல்லாது. முதுகு சொறியாது. ஆடிட்டருக்கு மூளை வாங்கித் தராது.”

“அதை எழுத முடியாதும்மா.”

“ஏன், வாங்கித் தருமா?”

அவர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். “தராது.”

“அப்ப எழுதுங்க.”

எழுதினார். மறுநாள் அந்தப் பட்டியலைக் கம்பளி அம்மாள் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். “பூனைக்குப் பால் வைக்காதுன்னு இருக்கு. நாய்க்கு?”

“நாய்க்கும் வைக்காது மேடம்.”

“அதை எழுதலையே? பூனை வெச்சிருக்கறவங்க உஷாராயிட்டாங்க. நாய் வெச்சிருக்கறவங்க இந்தக் கருவியை நம்பி ஊருக்குப் போயிட்டா? கிளி? மீன்?”

பட்டியல் வளர்ந்தது. நாய், கிளி, மீன், ஆமை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்காது; மழை வரும் என்றும் சொல்லாது, வராது என்றும் சொல்லாது; மாமியாரோடு சமாதானம் பேசாது. கடையில் மெத்தை அழுத்திப் பார்க்க வந்தவர்கள்கூட ஆளுக்கு இரண்டு சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு கட்டத்தில் கையேட்டைக் கையால் தூக்க முடியாமல், இரட்டைக் கட்டில் மெத்தையின் உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, மெத்தை இறக்குகிற வண்டியில் ஏற்றி வாரியத்துக்குக் கொண்டுபோனார். காவலாளி கதவைத் தள்ளினான். மெத்தைக்காரர் இப்போது தேர்ந்துவிட்டார், மூக்கைக் கொடுக்கவில்லை. அடுத்து நின்றவருடைய மூக்குக்குப் போயிற்று.

கம்பளி அம்மாள் பட்டியலில் ஒரே இடத்தில் மட்டும் பச்சை மையால் கோடு போட்டிருந்தார். ஆடிட்டருக்கு மூளை வாங்கித் தராது என்கிற வரி. ஓரத்தில், ‘சிறப்பு. நடைமுறை அனுபவத்தில் எழுந்தது’ என்று எழுதியிருந்தார். முழுமை, ஐந்துக்கு ஐந்து.

விசாரணைக்கு இன்னும் இரண்டே நாள். கடைசிக் கையெழுத்து வாரியத் தலைவருடையது. தலைவரின் அறையில் கம்பளம் அவ்வளவு மெத்தென்று இருந்தது. மெத்தைக்காரருக்கே தொழில் பொறாமை வந்தது. தலைவர் பெரிய உருவம், பஞ்சு போன்ற குரல். உறையைத் திறந்து பார்க்கவில்லை. அதை இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார்.

“நல்லா வந்திருக்கு. கனம் இருக்கு. எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் உறுத்துது.”

“எந்த வார்த்தை சார்?”

“ஆட்டம் இல்லாட்டி கருவி என்ன சொல்லும்னு எழுதியிருக்கீங்க?”

“‘இல்லை’ன்னு சொல்லும் சார்.”

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். வலிக்கிற இடத்தில் கை பட்டவர்போல.

“தம்பி, நான் இந்த நாற்காலிக்கு வந்து இன்னி வரைக்கும் ஒரு மனுஷனுக்கு இல்லைன்னு சொன்னது கிடையாது. விண்ணப்பம் போட்டவங்க வருவாங்க, போவாங்க, வருவாங்க. தலை நரைச்சு வருவாங்க. சில பேர் வர்றதை நிறுத்திடுவாங்க. விசாரிச்சா, தவறிப்போயிருப்பாங்க. அவங்க குடும்பத்துக்குக்கூட நான் இல்லைன்னு சொல்லல. அதுக்கு ஒரு மனசு வேணும். இந்த வாரியமே அந்த மனசு மேலதான் நிக்குது.”

“சரிங்க சார்.”

“உங்க கருவி எவ்வளவு நேரத்துல இல்லைன்னு சொல்லுது?”

“அரை நொடி சார்” என்றார் மெத்தைக்காரர், கொஞ்சம் பெருமையோடு. அது தப்பு என்று உடனே தெரிந்தது.

“அரை நொடி!” பஞ்சுக் குரலில் முதல் தடவையாக ஒரு கொட்டை தட்டுப்பட்டது. “வெளியில நாற்பது பேர் உக்காந்திருக்காங்க. கருவி அரை நொடியில சொல்றதை நீங்க ஏன்யா ஆறு வருஷமா சொல்லலன்னு அவங்க என்னைக் கேக்க மாட்டாங்களா? ஒரு சின்னக் கருவிக்கு இவ்வளவு திமிரா? இல்லைன்னு சொல்லிட்டா மனுஷன் எழுந்து வீட்டுக்குப் போயிடுவான். எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டா நாங்க யாரை வெச்சு நிர்வாகம் பண்றது?”

“அப்ப என்ன சார் செய்யறது?”

தலைவர் இனிமையாகச் சிரித்தார். “பார்க்கலாம்.”

மெத்தைக்காரர், அவ்வளவுதான், போய்விட்டது என்று எழுந்து கும்பிட்டார். “எப்ப வந்து பாக்கட்டும் சார்? சனிக்கிழமைக்குள்ள…”

“எங்க போறீங்க? உக்காருங்க. அதான் வார்த்தை.”

“எது சார்?”

“பார்க்கலாம். ஆட்டம் இல்லாட்டி ‘பார்க்கலாம்’னு வரும். அப்படி எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

“ஆனா சார், இல்லாத ஆட்டத்தை எப்படி…”

“பார்க்கலாம்” என்றார் தலைவர். இது எந்தப் பார்க்கலாம் என்று மெத்தைக்காரருக்குப் பிடிபடவில்லை. பேனாவை எடுத்துத் திருத்தினார். “‘பார்க்கலாம்’னா என்ன பொருள்னும் ஒரு வரி போட்டுடுங்க, முழுமையா இருக்கட்டும்” என்று தலைவரே வாக்கியமும் சொன்னார்: ‘பார்க்கலாம் என்றால் பார்க்கலாம் என்று பொருள்.’

கடைக்குத் திரும்பியதும் குதிரையையும் திருத்தினார். கையேட்டில் ஒன்று, கருவியில் ஒன்று என்று அவரால் இருக்க முடியாது. உறையில் இலவம்பஞ்சு என்று அச்சடித்துவிட்டு உள்ளே கந்தலை அடைக்கிற கடைகள் இருக்கின்றன. இது அந்தக் கடை இல்லை. யாரும் கேட்காமலே அவர் செய்த நேர்மையான காரியம் இது ஒன்றுதான். வம்பும் இதில்தான் வந்தது.

ஊசி பார்த்துவிட்டு, “இது என்னங்க, ஆடாத மாசத்தைக் கேட்டா பார்க்கலாம்ங்குது?” என்றார்.

“தலைவர் சொன்ன வார்த்தை. விடும்மா. தோத்த ஆட்டம் இவ்வளவு கிடக்கறப்ப ஆடாத மாசத்தை யாரு கேக்கப் போறா?”

சனிக்கிழமை சங்கத்தின் கூடத்தில் திரை கட்டியிருந்தார்கள். விசாரணைத் தலைவர் ஒரு பல் டாக்டர். எவரையும் அண்ணாந்து வாயைத் திறக்கச் சொல்கிற முகம். ஒரு பக்கம் ஆடிட்டர், மடியில் கோப்பு. இன்னொரு பக்கம் ஊசி. உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். மெத்தை உறைக்குள் கையேடு தரையில் கிடந்தது. மேலே தங்கக் கரை போட்ட சான்றிதழ்.

பெயரைத் தட்டினார் மெத்தைக்காரர். முதல் மாதத்தைத் தட்டினார். கொட்டியது.

முதல் ஆட்டத்தில் ஊசி தன் ராணியைக் கொண்டுபோய் ஒரு சிப்பாயின் முன்னால் வைத்திருந்தார். அடுத்ததில், ஒரே நகர்த்தலில் ஜெயிக்க வேண்டிய இடத்தில், தன் யானையைப் பத்திரமான மூலைக்குத் தூக்கிப்போயிருந்தார். இன்னொன்றில் அடுப்பில் பால் பொங்கியதால் எழுந்துபோய், திரும்பி வருவதற்குள் நேரம் தீர்ந்து தோற்றிருந்தார்.

“ஐயோ, அந்தக் குதிரையை எதுக்கும்மா அங்க வெச்சீங்க?” என்று டாக்டர் தாங்க முடியாமல் கேட்டார்.

“தெரியாம வெச்சேன் சார்” என்றார் ஊசி பெருமிதத்தோடு. “அடுத்த மாசம் பாருங்க, இன்னும் கேவலமா இருக்கும்.”

இருந்தது. கூடம் சிரித்தது. ஒவ்வொரு தோல்விக்கும் ஊசியின் முதுகு ஒரு பிடி நிமிர்ந்தது. தான் இவ்வளவு மட்டமாக ஆடியதற்காக அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆடிட்டர் தொண்டையைச் செருமினார்.

“என்கூட ஆடினதுக்கு முந்தின மாசத்தை எடுங்க.”

மெத்தைக்காரரின் கை நின்றது. அந்த மாதம் அவர்கள் வீடு மாறியிருந்தார்கள். புது வீட்டில் இணைய இணைப்பு வர மாதம் முழுக்க ஆனது. ஊசி ஒரு காயைக்கூடத் தொடவில்லை. வேறு வழியில்லாமல் தட்டினார். திரையில் பெரிய எழுத்தில் வந்தது:

பார்க்கலாம்.

“பாத்தீங்களா!” ஆடிட்டர் துள்ளி எழுந்தார். “மறைக்குது! அந்த மாசம்தான் கம்ப்யூட்டரை வெச்சுப் பயிற்சி எடுத்திருக்காங்க! ஆட்டம் இல்லைன்னா இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்குப் பார்க்கலாம்ங்குது?”

டாக்டர் கையேட்டில் பொருள் பார்க்கச் சொன்னார். இரண்டு பேர் மெத்தை உறைக்குள் இறங்கித் தேடி எடுத்தார்கள். ‘பார்க்கலாம் என்றால் பார்க்கலாம் என்று பொருள்.’

“சரி, பாக்கலாம்னு சொல்லுதுல்ல, காட்டச் சொல்லுங்க” என்றார் டாக்டர்.

“காட்டறதுக்கு ஒண்ணுமில்ல சார்.”

“அப்ப ஏன் பார்க்கலாம்னு வருது?”

மெத்தைக்காரர், வாரியத்தில் சொல்லித்தான் மாற்றினேன் என்றால், சான்றுக்காகக் கருவியைத் திருத்தியவர் ஆகிவிடுவார். கால்கள் இரண்டும் தனித்தனியே ஆடின. கூடத்தில் சிரித்தவர்கள் இப்போது ஊசியை வேறு விதமாகப் பார்த்தார்கள். பரிசோதனைக் கூடத்துச் சிநேகிதி சிரித்த அதே சிரிப்பு நாலைந்து முகங்களில்.

ஊசி சுவரை விட்டு நகர்ந்து வந்தார். “சார், செயலாளர் பேரைப் போட்டுப் பாக்கலாமா?”

“அதெப்படி?” என்றார் ஆடிட்டர். “விசாரணை உன் மேலயா, என் மேலயா? என் பேரை அது எடுக்கக் கூடாது.”

“கருவி என்னவெல்லாம் செய்யாதுன்னு ஒரு பட்டியல் இருக்கு சார். வாரியம் ஒண்ணு விடாம எழுத வெச்ச பட்டியல். செயலாளர் ஆட்டத்தைக் காட்டாதுன்னு அதுல இருந்தா விட்டுடறேன்.”

மறுபடி இரண்டு பேர் உறைக்குள் இறங்கினார்கள். கொஞ்ச நேரம் தாள் புரளுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒருவர் தலையை வெளியே நீட்டினார். “அப்படி எதுவும் இல்லைங்க டாக்டர். ஆடிட்டரைப் பத்தி ஒரே ஒரு வரிதான் இருக்கு.”

“என்ன வரி?”

அவர் ஆடிட்டரைப் பார்த்தார். “அது… இதுக்குச் சம்பந்தமில்லைங்க.”

டாக்டர் கையை ஆட்டினார். ஆடிட்டரின் பெயர் கருவிக்குள் போயிற்று. ஆட்டங்கள் கொட்டின. மனிதர்களால் தன்னை அவ்வளவு சீக்கிரம் தோற்கடிக்க முடியாது என்று எழுதிக்கொடுத்தவரை, பதினான்காவது நகர்த்தலில் ஒருவர் தோற்கடித்திருந்தார், பதினொன்றில் இன்னொருவர், ஒன்பதாவது நகர்த்தலில் ‘சும்மா பொழுதுபோக்கு’ என்கிற பெயரில் ஆடிய யாரோ. ஆடிட்டர் கோப்பை விரித்து முகத்துக்கு விசிறிக்கொண்டார்.

“கணக்கு முடிக்கிற மாசத்தைப் போடுங்க” என்றார் ஊசி. “அப்ப இவருக்கு ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை இருக்கும். ஆடியிருக்க மாட்டார்.”

போட்டார்கள்.

பார்க்கலாம்.

டாக்டர் மெதுவாக ஆடிட்டர் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சார் மறைச்சு வெச்சிருக்கீங்க?”

“நானா? ஒண்ணுமில்ல! அந்த மாசம் நான் ஆடவே இல்ல!”

“பார்க்கலாம்னு வருதே.”

“டாக்டர், உங்களுக்குப் புரியலையா? பார்க்கலாம்னா இல்லைன்னு அர்த்தம்!” ஆடிட்டர் கத்தினார். வேர்த்து ஊற்றியது. “நான் இத்தனை வருஷமா ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கறவன், எனக்குத் தெரியாதா? எந்த மேசையில வேணா கேட்டுப் பாருங்க. பணம் திரும்பி வருமா சார்னா பார்க்கலாம்பான்; வராதுன்னு அர்த்தம். கையெழுத்து இன்னிக்கு ஆகுமா சார்னா பார்க்கலாம்பான்; ஆகாதுன்னு அர்த்தம். நானே என் கிளையண்டுங்களுக்கு தினம் இதைத்தான் சொல்றேன்! இல்லைங்கறதை மரியாதையா சொன்னா பார்க்கலாம். குழந்தைக்குக்கூடத் தெரியுமே!”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது அவருக்கு.

ஊசி முதல் தடவையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்ப அந்தம்மாவுக்கும் அதே அர்த்தம்தானே?” என்றார் டாக்டர்.

ஆடிட்டர் கோப்பை மூடினார்.

“புகார் தள்ளுபடி” என்றார் டாக்டர். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியில் உட்கார்ந்த எவருக்கும் தானாக வந்துவிடுகிற அந்தக் குரலில், “இவங்களை மறுபடி போட்டியில சேத்துக்கறதைப் பத்தி… பார்க்…”

கூடம் முழுவதும் அவர் வாயையே பார்த்தது. பல் டாக்டர் தன் வாயை இத்தனை பேர் பார்த்து அனுபவப்பட்டவர் அல்ல. வார்த்தையின் பாதியை மென்று விழுங்கினார்.

“சேத்துக்கறோம். இன்னிக்கே.”

அன்று சாயங்காலமே மெத்தைக்காரர் குதிரையைப் பழையபடி திருத்தினார். ஊசி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஆடாத மாதத்தைத் தட்டினால் அரை நொடியில் ‘இல்லை’ என்று வந்தது. அதைப் பார்க்க இருவருக்கும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பத்து தடவை தட்டிப் பார்த்தார்கள்.

இரண்டு வாரத்தில் வாரியத்திடமிருந்து கடிதம் வந்தது. எப்படித்தான் தெரிந்ததோ. கையேடும் கருவியும் மாறுபடுவதாக வாரியம் அறிகிறது. கருவியைத் திருத்துவீர்களா மாட்டீர்களா என்று எழுத்துமூலம் விளக்கவும்.

“என்ன எழுத?” என்றார் மெத்தைக்காரர். கால் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது.

ஊசி பேனாவை வாங்கி ஒரே ஒரு வார்த்தை எழுதி உறையில் போட்டார்.

பதில் மறு தபாலில் வந்தது. தலைவரே கைப்பட எழுதியிருந்தார். வாரியத்தின் வரலாற்றில் இவ்வளவு தெளிவும் முழுமையும் முதிர்ச்சியும் கொண்ட ஆவணம் வந்ததில்லை என்று புகழ்ந்திருந்தார். எல்லாப் பிரிவிலும் ஐந்துக்கு ஐந்து. கூடவே புதிய சான்றிதழ் ஒன்று. இதில் தங்கக் கரை இரண்டு விரல் அகலம்.

ஊசி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு கையில் ஆணி, ஒரு கையில் சுத்தியல். “ஏங்க, இதைக் கடையில மாட்டலாமா?”

மெத்தைக்காரர் மெத்தையில் காலை நீட்டிக்கொண்டார்.

“பார்க்கலாம்” என்றார்.

ஊசி சுத்தியலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.